கூப்பிட்டால் கேட்காது, கூப்பிடாமல் கேட்கும்



1920களில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு பொம்மை நாய் வந்தது. பெயர் ரேடியோ ரெக்ஸ். செல்லுலாய்டில் செய்த சிறிய நாய். அதற்கென்று ஒரு குட்டி வீடு. அந்த வீட்டின் முன் நின்று 'ரெக்ஸ்' என்று கூப்பிட்டால் நாய் உள்ளேயிருந்து துள்ளி வெளியே வரும். ஏற்பாடு எளிமையானது. மின்காந்தம் ஒன்று நாயைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். 'ரெக்ஸ்' என்னும்போது எழும் எகர ஒலியில் நொடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வு என்ற அளவில் ஆற்றல் குவிந்திருக்கும். அந்த அதிர்வு பட்டதும் மின்னோட்டம் ஒரு கணம் அறுபடும், பிடி தளரும், சுருள்வில் நாயை வெளியே தள்ளிவிடும்.

நாய்க்குத் தன் பெயர் தெரியாது. அதே அதிர்வு உள்ள வேறு சொல்லைச் சொன்னாலும் ஓடி வரும். அந்த 500 என்ற அளவு வளர்ந்த ஆணின் குரலுக்குப் பொருந்துவது. பெண்கள், பிள்ளைகள் வாயில் அதே எகரம் இன்னும் மேலே ஏறிவிடும். ஆகவே பிள்ளைகளுக்கென்று செய்த பொம்மை, அப்பா கூப்பிட்டால் எளிதில் வரும்; பிள்ளை கூப்பிட்டால் தயங்கும்.

நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று வீட்டு அலமாரிகளில் அலெக்சா இருக்கிறது, சட்டைப் பையில் சிரியும் கூகுள் அசிஸ்டென்டும் இருக்கின்றன. ரெக்ஸோடு ஒப்பிட்டால் இவற்றின் திறமை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அந்தப் பொம்மையின் குறைகள் இவற்றைவிட்டுப் போகவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கூப்பிடாதபோது திரும்புகின்றன. சிலர் குரலுக்கு உடனே திரும்பி, சிலர் குரலுக்குத் திரும்ப மறுக்கின்றன. இன்றைய பேச்சு இந்தக் குறைகளைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அவற்றின் சுமையை யார் தலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கான முயற்சி பழையது. 1952இல் பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' பத்து எண்களை, அதுவும் பழகிய ஒருவர் குரலில் சொன்னால், அடையாளம் கண்டது. 1962இல் ஐபிஎம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. 2011 அக்டோபரில் ஐஃபோன் 4எஸ் கைப்பேசியோடு சிரி வந்தது. அந்த முதல் சிரியை எழுப்பப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். யார் பேசுகிறார், எப்போது பேசத் தொடங்குகிறார், யாரிடம் பேசுகிறார் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த விரல் ஒன்றே பதிலாக இருந்தது.

2014 நவம்பரில் அமேசான் எக்கோ வந்தபோது விரலுக்கு வேலை இல்லாமல் போனது. உருளை வடிவ ஒலிபெருக்கி, அதன் தலையில் ஏழு மைக்குகள். அடுப்படியில் கை மாவாக இருந்தாலும் அறையின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம். பார்வையற்றவர்களுக்கும் கை கால் வழங்காதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்லாமல் இந்தக் கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது. விளக்கைப் போடவும், மணி கேட்கவும், மகளுக்கு ஃபோன் செய்யவும் இன்னொருவர் வரும்வரை காத்திருந்தவர்கள் தாங்களே அதைச் செய்துகொண்டார்கள். இந்தக் கருவி சரியாகக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவதே அவர்களுக்காகத்தான்.

பொத்தான் போனதால் பெயர் தேவைப்பட்டது. வீட்டில் நாள் முழுக்கப் பேச்சு நடக்கிறது. அதில் எது தனக்கான பேச்சு என்று கருவி எப்படி அறியும்? அதற்குத்தான் அழைப்புச் சொல். 'அலெக்சா', 'ஹே சிரி', 'ஓகே கூகுள்' என்பவையெல்லாம் அவைதாம். அந்தச் சொல் காதில் விழும்வரை கருவி எதையும் வெளியே அனுப்பாது, விழுந்த பிறகே பேச்சைத் தொலைவிலுள்ள கணினிகளுக்கு அனுப்பும் என்பது நிறுவனங்கள் தரும் வாக்கு.

அந்தச் சொல்லைப் பிடிப்பது எப்படி என்று 2017 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனமே ஒரு கட்டுரை வெளியிட்டு விளக்கியது. ஐஃபோனின் முதன்மைச் செயலி தூங்கும்போதும் சிறு துணைச் செயலி ஒன்று விழித்திருக்கிறது. வரும் ஒலியை நொடியில் நூறில் ஒரு பங்காக நறுக்கி, ஏறத்தாழ இருபது துண்டுகளை ஒன்றாகப் பார்க்கிறது. ஐந்து அடுக்குகள், அடுக்குக்கு 32 கணுக்கள் என்ற அளவிலான சின்ன நரம்பு வலையமைப்பு அவற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. குறித்த வரம்பைத் தாண்டினால் முதன்மைச் செயலியை எழுப்புகிறது. அது பெரிய வலையமைப்பைக் கொண்டு மறுபடி சரிபார்க்கிறது. முதலில் கேட்கும் செவி ஏன் அவ்வளவு சிறியது? மின்கலம் தீரக் கூடாது என்பதால். இரவும் பகலும் ஓயாமல் கேட்க வேண்டிய ஒன்றுக்கு நிறைய மின்சாரம் கொடுக்க முடியாது.

எல்லாச் சிக்கலும் அந்த வரம்பு மதிப்பெண்ணில் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளியைப் போலத்தான் அது. கண்டிப்பு கூடினால் உறவினரையே திருப்பி அனுப்பிவிடுவார். தளர்ந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வரம்பை ஏற்றினால் கருவி கூப்பிட்டும் திரும்பாது. இறக்கினால் கூப்பிடாமலே எழும். இரண்டு பிழைகளையும் ஒரே சமயத்தில் முற்றிலும் ஒழிக்க இதுவரை எந்தப் பொறியாளராலும் முடியவில்லை. வரம்பை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வது நிறுவனம். வீட்டுக்காரருக்கு அதில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பெயரைத் தேர்ந்ததும் நிறுவனம்தான். 'அலெக்சா' என்ற பெயருக்குப் பழைய அலெக்சாண்டிரியா நூலகம் ஒரு தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு. ஒலிக் காரணமும் இருந்தது. நடுவில் வரும் 'க்ஸ்' என்ற வல்லொலிச் சேர்க்கை அன்றாடப் பேச்சில் அடிக்கடி வராது என்பதால் கருவிக்குப் பிடிப்பது எளிது. பொறியாளர் கோணத்தில் நல்ல தேர்வு. ஆனால் 2015இல் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இட்ட பெயர்களில் அலெக்சா 32ஆம் இடத்தில் இருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 6,000 குழந்தைகள் அந்தப் பெயரைப் பெற்றார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகும் வயது வருவதற்குள் அந்தப் பெயர் ஏவல் கேட்கும் கருவியின் பெயராகிவிட்டது. பிள்ளையின் பெயரைச் சொல்லி "விளக்கை அணை", "பாட்டுப் போடு" என்று சக மாணவர்கள் கேலி செய்த கதைகளைப் பெற்றோர் பலர் சொன்னார்கள்; பெயரை மாற்றியவர்களும் உண்டு. சில ஆண்டுகளில் அந்தப் பெயர் முதல் நூறு இடங்களிலிருந்தே விழுந்துவிட்டது. ஒரு வணிகத் தீர்மானம் ஒரு தலைமுறைப் பெண் குழந்தைகளின் பெயரைப் பறித்துக்கொண்டது. இதற்கு நிறுவனம் தந்த ஈடு, எக்கோ, அமேசான், கம்ப்யூட்டர், 2021 முதல் ஜிக்கி என்று மாற்றிக்கொள்ள வேறு சில சொற்கள். கூகுளில் இருந்தவை 'ஓகே கூகுள்', 'ஹே கூகுள்' என்ற இரண்டே. எதைச் சொன்னாலும் நிறுவனத்தின் பெயர் வாயில் வந்தாக வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த விளம்பரத்தை இலவசமாக உச்சரிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2017 தொடங்கியபோதே தொலைக்காட்சி இந்தக் கருவிகளின் பலவீனத்தைக் காட்டிவிட்டது. டாலஸ் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எக்கோவிடம் பேசப்போக, பொம்மை வீடு ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சான் டியேகோவின் உள்ளூர்த் தொலைக்காட்சி அந்தச் செய்தியைச் சொன்னது. செய்தியாளர் அந்தச் சிறுமியின் பேச்சை வியந்து திருப்பிச் சொன்னதும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இருந்த எக்கோக்கள் எழுந்து பொம்மை வீட்டுக்கு ஆர்டர் போட முயன்றதாக நேயர்கள் தொலைக்காட்சிக்குப் புகார் செய்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் பர்கர் கிங் நிறுவனம் இதை வேண்டுமென்றே செய்தது. 15 நொடி விளம்பரம், கடைசியில் நடிகர் கேமராவைப் பார்த்து "ஓகே கூகுள், வாப்பர் பர்கர் என்றால் என்ன?" என்று கேட்டார். வீடுகளில் இருந்த கூகுள் ஹோம் கருவிகள் எழுந்து விக்கிப்பீடியாவிலிருந்து பர்கரின் பெருமையை வாசித்தன. குறும்பர்கள் விக்கிப்பீடியாப் பக்கத்தைத் திருத்தி விபரீதமான பொருள்களையெல்லாம் சேர்க்கத் தொடங்கினார்கள். சில மணி நேரத்தில் கூகுள் அந்தக் குரலுக்குத் தன் கருவிகள் எழாமல் தடுத்தது. அந்த விளம்பரத்துக்குக் கான் விளம்பர விழாவில் உயரிய பரிசு கிடைத்தது. அழையாமல் பிறர் வீட்டுக்குள் நுழைந்து அங்கிருக்கும் பொருளுக்கு உத்தரவு போட்டதற்குப் பரிசு தந்தது தவறு என்பதில் ஐயமில்லை.

பாராளுமன்றமும் தப்பவில்லை. 2018 ஜூலை 3 அன்று பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் கேவின் வில்லியம்சன் மக்களவையில் சிரியா நாட்டுப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஃபோனிலிருந்த சிரி திடீரென்று எழுந்து, சிரிய ஜனநாயகப் படைகளைப் பற்றி இணையத்தில் கண்டதைச் சொல்லத் தொடங்கியது. அவை சிரித்தது. ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சரிடம் யாரும் அழைக்காமல் விழித்துக்கொள்ளும் மைக் இருந்தது என்பதை அன்று அவ்வளவாக யாரும் யோசிக்கவில்லை.

இதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தவை என்று சொல்ல முடியாதபடி ஆதாரம் வந்தது 2020இல். ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகமும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பல நிறுவனங்களின் கருவிகளைத் தொலைக்காட்சித் தொடர்கள், செய்திகள் ஓடும் அறையில் வைத்துச் சோதித்தன. தவறாக எழுப்பும் சொற்றொடர்கள் ஆயிரத்துக்கு மேல் அகப்பட்டன. 'அன்அக்செப்டபிள்', 'எலெக்ஷன்' என்ற சொற்களுக்கு அலெக்சா எழுந்தது. 'ஓகே, கூல்' என்பதற்குக் கூகுள். 'எ சிட்டி' என்பதற்குச் சிரி. 'மான்டானா' என்ற மாநிலத்தின் பெயருக்கு மைக்ரோசாஃப்டின் கார்டானா. 'பீட்டர்' என்றால் 'கம்ப்யூட்டர்', 'டொபாக்கோ' என்றால் 'எக்கோ' என்று எடுத்துக்கொண்டன. தேர்தல் காலத்தில் ஒரு வீட்டில் எத்தனை முறை 'எலெக்ஷன்' என்ற சொல் வரும்?

தவறாக எழுந்த கருவி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 2018 மே மாதம் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், போர்ட்லாந்தில் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் வீட்டுக்குள் மரத்தரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் சியாட்டிலிலிருந்து கணவரிடம் வேலை பார்ப்பவர் ஃபோன் செய்தார்: "உங்கள் அலெக்சாக்களைப் பிடுங்கிப் போடுங்கள்." அவர்கள் பேசியது ஒலிப்பதிவாகத் தனக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அவர்கள் முதலில் நம்பவில்லை. மரத்தரை பற்றிய பேச்சை அவர் திருப்பிச் சொன்ன பிறகு நம்பினார்கள். அமேசான் பின்னர் தந்த விளக்கம் இது: பேச்சில் 'அலெக்சா' போன்ற ஏதோ ஒரு சொல் விழுந்திருக்கிறது. கருவி எழுந்தது. அடுத்து வந்த பேச்சைச் 'செய்தி அனுப்பு' என்று எடுத்துக்கொண்டது. "யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்டது. பின்னணிப் பேச்சில் தொடர்பாளர் ஒருவரின் பெயர் இருப்பதாக நினைத்தது. "இவருக்குத்தானே, சரியா?" என்று மறுபடி கேட்டது. பேச்சில் 'சரி' என்று விழுந்ததை ஒப்புதலாகக் கொண்டது. நான்கு முறை அடுத்தடுத்துத் தவறாகக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தனக்குச் சாதகமாகவே பொருள் கொண்டிருக்கிறது. ஐயம் வந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அடுத்த ஆண்டு, 2019, கேட்பது கருவிகள் மட்டும் அல்ல என்பதும் வெளியே வந்தது. ஏப்ரலில் புளூம்பெர்க், அலெக்சாப் பதிவுகளை அமேசானின் ஊழியர்கள் கேட்டு எழுத்தாக்குவதை வெளியிட்டது. ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி ஒலிபரப்பு நிறுவனம் கூகுள் அசிஸ்டென்டின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கேட்டது. அவற்றில் 153 பதிவுகளில் அழைப்புச் சொல் தெளிவாகச் சொல்லப்படவே இல்லை. படுக்கையறைப் பேச்சு, பெற்றோர் பிள்ளைகளிடம் பேசியது, தொழில் தொடர்பான ஃபோன் உரையாடல் எல்லாம் அவற்றில் இருந்தன. அதே மாதம் தி கார்டியன், சிரியின் பதிவுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்பதை எழுதியது. ஆடையின் ஜிப் இழுக்கும் ஓசைக்கே சிரி எழுந்ததாகவும், மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்க நேர்ந்ததாகவும் அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தார். ஆப்பிள் அந்த வேலையை நிறுத்திவைத்து மன்னிப்புக் கேட்டது. இனி ஒப்புதல் தந்தவர்களின் பதிவுகளை மட்டுமே கேட்போம் என்றது. தவறாக எழுந்த சிரி பற்றிய வழக்கில் 9.5 கோடி டாலர் தர அது ஒப்புக்கொண்டது 2025 ஜனவரியில் தெரியவந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேதான். குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டில் அமேசான் 2023இல் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

அபராதம் கட்டிய பிறகாவது போக்கு மாறியதா? 2025 மார்ச் 28 அன்று அமேசான், குரல் பதிவுகளை மேகக் கணினிக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே கையாளும் வசதியைச் சில எக்கோ மாதிரிகளிலிருந்து எடுத்துவிட்டது. இருந்த வாய்ப்பும் பறிபோனது.

கூப்பிட்டும் திரும்பாத குறையில் அவமானம் இருக்கிறது. அதைப் பற்றி இந்த அளவுக்குச் செய்திகள் வருவதில்லை. நீதிமன்றமும் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே, ஒவ்வொருவர் மனதுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையர்கள் பேசியதில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 சொற்களைத் தவறாகக் கேட்டன. கறுப்பினத்தவர் பேசியதில் 35. பேசியது அதே நாட்டில், அதே ஆங்கிலத்தில். பழக்குவதற்குப் பயன்படுத்திய ஒலிப்பதிவுகளில் கறுப்பினத்தவரின் பேச்சு போதவில்லை என்பதே ஆய்வாளர்கள் சுட்டிய காரணம்.

திக்கிப் பேசுபவர்களின் நிலை இன்னும் கொடுமை. முதல் எழுத்தில் திக்குபவருக்கு அழைப்புச் சொல்லே முட்டுக்கட்டை. 'அ… அ… அலெக்சா' என்றால் கருவி எழாமல் போகலாம். எழுந்தாலும், பேச்சு நடுவில் ஒரு கணம் நின்றால் பேச்சு முடிந்தது என்று எண்ணி வெட்டிவிடும். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் தன் வாக்கியத்தை முடித்துவைப்பதைப் பொறுத்துக்கொண்டவர், தன் சொந்த வீட்டில் ஓர் இயந்திரத்திடமும் அதையே பட வேண்டியிருக்கிறது. பக்கவாதம் வந்து நாக்குக் குழறுபவர், பார்கின்சன் நோயால் குரல் தேய்ந்தவர் ஆகியோருக்கும் இதே கதிதான். கருவி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறது. இந்தத் திசையில் நல்ல முயற்சிகள் இருக்கின்றன. 2019இல் கூகுள் 'யூஃபோனியா' என்ற திட்டத்தை அறிவித்தது. 2022இல் இல்லினாய் பல்கலைக்கழகம் பேச்சு அணுகல் திட்டத்தைத் தொடங்கியபோது அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஐந்தும் ஒன்றாகக் கைகொடுத்தன. போட்டி நிறுவனங்கள் கூடி இப்படி ஒரு வேலை செய்வது பாராட்டத்தக்கது. ஆனால் சிரி வந்து பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் இது நடந்தது.

தமிழர் வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் எக்கோ 2017இல் வந்தபோது ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. 2019 செப்டம்பரில் இந்தி சேர்ந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்று அதனிடம் தமிழ்ப் பாட்டுக் கேட்க வேண்டுமானால், ஆங்கில வாக்கியத்தின் நடுவில் தமிழ்ப் பாட்டின் முதலடியைச் செருகி, அதையும் ஆங்கிலக்காரர் வாசிப்பதுபோல் சொல்ல வேண்டும். ழகரத்தைச் சரியாகச் சொன்னால் புரியாது. தட்டையாக்கிச் சொன்னால் சில சமயம் புரியும். பேரன் சொல்லிக் கொடுக்க, பாட்டி தன் நாக்கை வளைத்துப் பழகுகிறார். தன் மொழியைச் செப்பமாக உச்சரித்ததற்காகத் தோற்கும் இந்த நிலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

கூகுள் நல்ல தொடக்கம் செய்தது. 2017 ஆகஸ்டில் குரல் தேடலிலும் தட்டச்சிலும் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைச் சேர்த்தது. அன்றுமுதல் எழுதத் தயங்கிய பலர் ஃபோனிடம் தமிழில் பேசித் தேடுகிறார்கள். ஆனால் எந்தத் தமிழில்? மேடைத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் பிழையின்றி வருகிறது. "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி வுடு" என்றால் தடுமாற்றம் தொடங்குகிறது. சென்னையில் 'வர்றேன்' என்பது யாழ்ப்பாணத்தில் 'வாறன்' ஆகும். கோவையிலும் நாகர்கோவிலிலும் அதன் ஓசை வேறு. ஒரே வாக்கியத்தில் 'ஏசி', 'ரிமோட்', 'ஆஃப்' என்று மூன்று ஆங்கிலச் சொற்களும் வரும். எழுத்துத் தமிழை வாசித்துப் பதிவு செய்த ஒலியைக் கொண்டு பழக்கினால் கருவிக்கு வாசிக்கும் தமிழ்தான் தெரியும். வீட்டில் யாரும் வாசித்துக்கொண்டு வாழ்வதில்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் இயங்கும் 'ஏஐ4பாரத்' குழு 2024இல் 'இண்டிக்வாய்சஸ்' என்ற குரல் தொகுப்பை வெளியிட்டது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: வாசித்த பேச்சு 9 விழுக்காடுதான். 74 விழுக்காடு மக்கள் தாமாக மனம்போனபடி பேசியது. மிச்சம் இருவர் உரையாடியது. யாரையும் நாக்கை வளைக்கச் சொல்லாமல், அவர்கள் பேசும்படியே பதிவு செய்ததுதான் இதன் அருமை. இந்தத் தொகுப்பு யாரும் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கோடி கோடியாகப் பணம் வைத்திருக்கும் நிறுவனங்களால் முடியாது என்று சொல்லப்பட்டதைப் பல்கலைக்கழகக் குழு ஒன்று செய்து காட்டியிருக்கிறது.

அழைப்புச் சொல்லையும் வீட்டுக்காரரே வைத்துக்கொள்ள முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. 'ஹோம் அசிஸ்டென்ட்' என்ற திறமூல மென்பொருளில் 2023 அக்டோபர் முதல் விரும்பிய சொல்லை அழைப்புச் சொல்லாக்கலாம். கணினியே அந்தச் சொல்லைப் பல குரல்களில் பேசிப் பார்த்து அதைக் கொண்டு தன்னைப் பழக்கிக்கொள்கிறது; வீட்டுக்காரர் ஆயிரம் முறை சொல்ல வேண்டியதில்லை. சோனோஸ் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த குரல் உதவி, பேசுவதைக் கருவிக்குள்ளேயே கையாள்கிறது, வெளியே அனுப்புவதில்லை. அமேசானே 2021இல் அமிதாப் பச்சனின் குரலை விற்றபோது 'அமித்ஜி' என்று கூப்பிட்டால் எழும்படி செய்தது. நட்சத்திரத்துக்காகப் புதிய சொல் சேர்க்க முடிகிறது. காசு கொடுத்துக் கருவி வாங்கியவருக்காக முடியாதா?

ஒலிப் பிழைகளுக்கு அப்பால் விஷமிகளுக்கான வாசலும் திறந்திருக்கிறது. 2017இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தினர் மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியால் கருவிகளுக்கு உத்தரவு போட்டுக் காட்டினார்கள். 2019இல் மிச்சிகனிலும் ஜப்பானிலும் உள்ள ஆய்வாளர்கள் லேசர் ஒளியை மைக்கின் மேல் பாய்ச்சி அதையே செய்தார்கள். கதவுப் பூட்டையும் வண்டிக் கொட்டகையையும் இந்தக் கருவிகளோடு இணைக்க நினைப்பவர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும்.

கருவி கேட்கவில்லை என்றால் வீட்டில் உடனே எழும் வார்த்தை "நீ சரியாச் சொல்லல" என்பதுதான். அம்மாவிடம் பிள்ளை சொல்கிறது, மாமனாரிடம் மருமகன் சொல்கிறார். பேசியவரும் அதை ஏற்றுக்கொண்டு குரலை உயர்த்துகிறார், வட்டார வழக்கை விடுகிறார், கடைசியில் "எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்குகிறார். அறுபது எழுபது ஆண்டுகளாக ஊரும் உறவும் தடையின்றிப் புரிந்துகொண்ட பேச்சு அவருடையது. அதில் ஒரு குறையும் இல்லை. குறை, அவர் குரலைக் கேட்டே பழகாமல் விற்பனைக்கு வந்த கருவியில்.

வீட்டில் இந்தக் கருவி இருக்குமானால் சிலவற்றைச் செய்யுங்கள். எக்கோவிலும் கூகுள் ஒலிபெருக்கியிலும் மைக்கை அணைக்கும் பொத்தானோ விசையோ உண்டு. குடும்பப் பேச்சு நடக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். செயலிக்குள் போய்ப் பழைய குரல் பதிவுகளைப் பாருங்கள், நீக்குங்கள். பதிவுகளை மனிதர்கள் கேட்க அனுமதிக்கும் அமைப்பை அணைத்து வையுங்கள். கதவுப் பூட்டையும் பணம் செலுத்தும் வசதியையும் குரலோடு இணைக்காதீர்கள். வாங்கப் போகிறவர்கள், இதற்குத் தமிழ் தெரியுமா என்று கடையில் கேளுங்கள். தெரியாது என்றால் அதைக் குறையாக எழுதிப் போடுங்கள். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழுக்கும் இடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டி, தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் வழக்கமாகப் பேசும் ஓசையிலேயே நாலு வாக்கியம் பேசிப் பதிவு செய்யுங்கள்.